கீபோர்டில் ஒட்டிய ஸ்டிக்கர்



1985ஆம் ஆண்டு. லண்டனில் ஒரு புதிய ராக் குழு மேடையேறுகிறது. கீபோர்டு ஒன்றின் முன்னால் நிற்கிறார் டான் லெட்ஸ். அவருக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது. எந்தக் கட்டையை எப்போது அழுத்த வேண்டும் என்பது மறந்துவிடக்கூடாதே என்று, கட்டைகளின் மேல் கலர் கலராக ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார். சுருதி சுத்தம் பார்க்கிற எந்த வித்துவானும் இந்த ஆளை மேடைக்குப் பக்கத்தில் விட்டிருக்க மாட்டார். ஆனால் அந்தக் குழுவின் முதல் தொகுப்பு வெற்றி பெற்றது. அதிலிருந்து வந்த ‘ஈ = எம்சி ஸ்கொயர்ட்’ என்ற பாட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடம் வரை ஏறியது. குழுவின் பெயர் பிக் ஆடியோ டைனமைட். ராக் கிதாரோடு ஹிப்ஹாப்பையும் ரெகேயையும் சினிமா வசனத்தையும் ஒரே இலையில் பரிமாறிய பிரிட்டிஷ் குழுக்களில் அது முன்னோடி.

புதியம்புத்தூரில் நின்றுகொண்டு லண்டன் கதை எதற்கு என்று தோன்றலாம். அந்தக் கதை இருபதே வருடத்தில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்ணின் கைக்கு வந்தது. அங்கிருந்து சென்னைக்கு வந்து உருமியைத் தேடியது. பிறகு கீழ்ப்பாக்கத்தில் கானா பாடகர்களோடு மேடையேறியது. இந்த வழி நெடுகிலும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: இசைக்காரர் என்று யாரைச் சொல்வது? அதற்குக் கிடைத்த பதில்களில் கரிசல் காட்டு மேளக்காரர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

டான் லெட்ஸ் ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். 1977இல் ராக்ஸி என்ற கிளப்பில் இசைத்தட்டுப் போடும் வேலை. பங்க் இளைஞர்கள் கூடும் இடம் அது. அப்போது பங்க் பிறந்தே சில மாதம்தான். போடுவதற்குப் பங்க் தட்டுகள் அதிகம் கிடையாது. லெட்ஸ் தன் வீட்டிலிருந்த ரெகே தட்டுகளைக் கொண்டுவந்து போட்டார். தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு வந்த வெள்ளைக்காரப் பையன்கள் கிங்ஸ்டன் தாளத்துக்கு ஆடப் பழகினார்கள். அதே நாட்களில் சிறிய கேமரா ஒன்றில் அவர்களைப் படம் பிடித்துத் திரைப்படமாகவும் ஆக்கினார். அவருடைய தொழில் படம் எடுப்பதும் தட்டுப் போடுவதும். வாத்தியம் அவர் தொட்டது இல்லை.

அவரைக் குழுவுக்கு அழைத்தவர் மிக் ஜோன்ஸ். ‘தி கிளாஷ்’ என்ற புகழ்பெற்ற பங்க் குழுவின் கிதார் கலைஞர். 1983இல் சொந்தக் குழுவிலிருந்தே வெளியேற்றப்பட்டவர். அவரை ஹிப்ஹாப் பக்கம் திருப்பியது நியூயார்க். 1980 டிசம்பரில் வந்த ‘சாண்டினிஸ்டா’ தொகுப்பிலேயே ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ என்று ஒரு ராப் பாட்டைக் கிளாஷ் வைத்திருந்தது. ராக் குழு ஒன்று ராப் செய்த முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று.

1981இல் நியூயார்க்கின் பாண்ட்ஸ் அரங்கில் கிளாஷ் எட்டு நிகழ்ச்சிகள் நடத்துவதாக ஏற்பாடு. கொள்ளளவுக்கு மேல் டிக்கெட் விற்றிருந்ததால் தீயணைப்புத் துறை தலையிட்டது. வாங்கியவர் யாரையும் ஏமாற்றக்கூடாது என்று குழு பதினேழு முறை மேடையேறியது. தங்களுக்கு முன்னால் பாட அவர்கள் அழைத்தது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவை. பிராங்க்ஸ் தெருக்களில் ஹிப்ஹாப்பை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அவர். கூட்டம் என்ன செய்தது தெரியுமா? ஊளையிட்டது. பேப்பர் கப்புகளை வீசியது. ராக் கேட்க வந்தவர்களுக்கு, கிதார் இல்லாமல் இரண்டு தட்டுகளைச் சுழற்றுகிற ஆள் இசைக்காரராகப் படவில்லை. புரட்சி பேசுகிற குழுவின் ரசிகர்கள்தான் அதைச் செய்தார்கள்.

ஹிப்ஹாப்புக்கு அப்போது எட்டு வயது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, பிராங்க்ஸ் பகுதியில் செட்விக் அவென்யூ 1520 என்ற எண்ணுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் விருந்து ஒன்றுக்குத் தட்டுப் போட்டதை அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அவரும் ஜமைக்காவிலிருந்து வந்தவர். பாட்டில் குரல் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகள்தான் ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கிறது என்பதைக் கவனித்தார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை வைத்து அந்தத் துண்டை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினார். அதன்மேல் மைக்கில் பேச்சு ஏறியது. பேச்சுக்கு எதுகை வந்தது. ராப் பிறந்தது.

வாத்தியம் வாங்கக் காசு இல்லாத, சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லாத இடத்தில் பிறந்த கலை இது. பழைய தட்டுதான் அதன் வாத்தியம். பின்னால் வந்த சாம்ப்ளர் என்ற கருவி அந்த வேலையை எளிதாக்கியது. எந்த ஒலியையும் தேவையான அளவுக்கு வெட்டி, வேண்டிய இடத்தில் வைத்து ஓட்டிவிடலாம். இதை, ஆயத்த ஆடை தைக்கும் இந்த ஊருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிங் மாஸ்டர் துணியை நெய்வதில்லை. எங்கிருந்தோ வந்த தானை விரித்து, அளவு போட்டு, எந்தத் துண்டு எதனோடு சேர வேண்டும் என்று முடிவு செய்கிறார். உடுப்பு நன்றாக விழுவதும் விழாததும் அவர் கையில். சாம்ப்ளர்காரரும் அப்படித்தான். கண் சரியாக இருக்க வேண்டும், காது சரியாக இருக்க வேண்டும்.

பிக் ஆடியோ டைனமைட்டில் அந்தக் கண் லெட்ஸுடையது. சினிமாக்காரர் என்பதால் அவர் வெட்டி ஒட்டியது சினிமாவை. ‘மெடிசின் ஷோ’ பாட்டில் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ படத்தின் ஒலித்துண்டுகள் வரும். ‘ஈ = எம்சி ஸ்கொயர்ட்’ பாட்டு முழுவதுமே நிக்கோலஸ் ரோக் என்ற இயக்குநரின் படங்களைப் பற்றியது; அவருடைய ‘பெர்ஃபாமென்ஸ்’ படத்து வசனமே அதில் ஊடாடும். டிரம்ஸ் இயந்திரம் ஹிப்ஹாப் போலத் தட்டும். பாஸ் கிதார் ரெகே போல அசையும். மேலே மிக் ஜோன்ஸின் மெல்லிய குரல். ஒன்றோடொன்று சண்டை போட வேண்டிய சரக்குகள் ஒரே தையலில் நின்றன. அமெரிக்காவில் ரன் டிஎம்சியும் ஏரோஸ்மித்தும் சேர்ந்து ‘வாக் திஸ் வே’ பாட்டை வெளியிட்டு, ராக்கும் ராப்பும் சம்பந்தியானதாக ஊரே பேசியது 1986இல். லண்டன் அதற்கு முந்தின வருடமே பந்தக்கால் நட்டுவிட்டது.

கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வாசிக்கத் தெரியாத ஆள் மேடையில் நின்றதால் பாட்டு கெட்டதா? இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர் அதே மேடையில் இருந்தார்கள். அவர்களுக்குத் தோன்றாத ஒலி லெட்ஸுக்குத் தோன்றியது. வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவருகிற காது அது. இந்தக் கலவையில் வெற்றி பெற்ற முதல் தொகுப்புகளில் திரும்பத் திரும்ப இப்படி ஒரு ஆளைப் பார்க்கிறோம்.

அடுத்த ஆள் தமிழச்சி.

மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர். வீட்டில் மாயா. அப்பா அருளர் என்ற பெயரில் இயங்கியவர். ஈரோஸ் என்ற ஈழ இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கும்போது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. போர் முற்றிய பிறகு தாய் கலா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மறுபடியும் லண்டனுக்கே போனார். மாயாவுக்கு அப்போது பத்து, பதினொரு வயது. தெற்கு லண்டன் மிட்சம் பகுதியில் அரசுக் குடியிருப்பு. வீட்டிலிருந்த ரேடியோவைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாக வந்த ஹிப்ஹாப்தான் அதன்பின் கேட்கக் கிடைத்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் படித்தது ஓவியமும் படமும். செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில். எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் அவருக்குத் தோழி. 2000இல் வந்த அந்தக் குழுவின் இரண்டாவது தொகுப்புக்கு அட்டைப்படம் மாயாவுடையது. அவர்களுடைய சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கக் கேமராவோடு போனார். முன்னால் பாட வந்த பீச்சஸ் என்ற கனடாப் பாடகி, ரோலண்ட் எம்சி 505 என்ற பெட்டியை அவருக்குக் காட்டிக்கொடுத்தார். தாளம், பாஸ், கீபோர்டு ஒலி, அவற்றை அடுக்கி ஓட்டும் வசதி எல்லாம் ஒன்றில் அடங்கிய கருவி. ஜஸ்டினிடமிருந்து அதை இரவல் வாங்கி, அறைக்குள் உட்கார்ந்து மாயா தட்டத் தொடங்கினார். டான் லெட்ஸ் கதையே வேறு ஆளுக்கு நடந்தது போல இருக்கிறது: ராக் குழுவின் பக்கத்தில் கேமராவோடு நின்றவர், வாத்தியம் தெரியாதவர், குடியேறிய வீட்டுப் பிள்ளை.

2003இல் ‘கலாங்’ என்ற பாட்டு 500 தட்டுகள் மட்டும் அச்சானது. கிளப்புகளில் அது பற்றிக்கொண்டது. எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 2005இல் முதல் தொகுப்பு, பெயர் ‘அருளர்’. மேடைப்பெயர் எம்.ஐ.ஏ. விற்பனைப் பட்டியலில் அது உச்சிக்குப் போகவில்லை என்றாலும் விமர்சகர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பிரிட்டனின் மதிப்புக்குரிய மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் அந்த வருடமே இடம் பிடித்தது. அகதி, குண்டு, தெரு, கேலி என்று எல்லாம் கலந்த வரிகளை, லண்டன் தெருப் பேச்சில், குழந்தைகள் கும்மியடிப்பது போன்ற சந்தத்தில் அவர் சொன்னார். குரலில் பயிற்சி இல்லை. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டாவது தொகுப்பில்தான் தமிழ்நாடு கதைக்குள் வருகிறது. அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளர்களோடு வேலை செய்வதாக இருந்தது. 2006இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. மாயா வேறு பக்கம் திரும்பினார்: டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, இந்தியா. சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் ஸ்டுடியோ உதவிக்கு வந்தது. தாளத்துக்கு அவர் நாடியது உருமியை.

உருமி தெரியாதவர் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. இடை சிறுத்த மேளம். வலப்பக்கத் தோலைக் குச்சியால் அடிப்பார்கள். இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அடி தாளத்தைச் சொல்லும். தேய்ப்பு உறுமும், விம்மும், சில நேரம் மாடு முக்காரமிடுவது போலக் கேட்கும். சாமி வருவதற்கு வாசிப்பார்கள். சாவுக்கும் வாசிப்பார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கோயில் கொடைகளில் நையாண்டி மேளத்தோடு உருமி சேர்ந்துவிட்டால் உட்கார்ந்திருப்பவர் காலும் சும்மா இருக்காது. ஒரு தோலிலிருந்து அத்தனை கீழ்ச்சுருதியை வாங்குகிற அந்தத் தேய்ப்பு, லண்டன் கிளப்புகளில் ஆளுயர ஸ்பீக்கர் வைத்து உண்டாக்குகிற பாஸுக்குச் சளைத்ததல்ல. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாட்டுகளில் உலகம் கேட்டது அதைத்தான்.

2007இல் ‘கலா’ என்று அம்மாவின் பெயரில் அந்தத் தொகுப்பு வெளிவந்தது. முதல் பாட்டிலேயே இளையராஜாவின் ‘தளபதி’ படத்துக் காட்டுக்குயில் பாட்டின் துண்டு ஓடுகிறது. அதே தொகுப்பின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் அடியில் ஓடும் கிதார் துண்டோ, கிளாஷ் குழு 1982இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டிலிருந்து எடுத்தது. பாட்டை எழுதியவர்கள் வரிசையில் மிக் ஜோன்ஸ் பெயரும் இருக்கிறது. 2008இல் அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ஒலித்தது. அதே படத்துக்காக ரகுமானோடு சேர்ந்து எழுதிய ‘ஓ சாயா’ பாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஆக, கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷை ஊளையிட்டு விரட்டிய ரசிகர்களுடைய அந்த ராக் குழுவின் துண்டும், கொடைக்கு வாசிக்கிற உருமியும், இளையராஜாவும் ஒரே தொகுப்புக்குள் வந்து உட்கார்ந்தன. உட்கார வைத்தவர் இசைப்பள்ளிப் பக்கமே போகாத ஒரு பெண்.

தமிழ் இதற்கு முன்னாலேயே ராப்பைத் தொட்டுப் பார்த்திருந்தது. 1994இல் ‘காதலன்’ படத்தில் ‘பேட்டை ராப்’ வந்தது. சுரேஷ் பீட்டர்ஸ், சாகுல் ஹமீதோடு அதில் பாடியவர் தேனி குஞ்சரம்மாள். நாற்று நடவிலும் ஒப்பாரியிலும் ஊறிய குரல் எதிலும் பொருந்தும் என்று அவர் காட்டினார். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி – நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பு வந்தது. ‘மடை திறந்து’ பாட்டைப் புதுக்கி அவர்கள் தந்தது தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களைக் கவ்விப் பிடித்தது. 2012இல் கோயம்புத்தூர்ப் பையன் ஆதியும் நண்பர் ஜீவாவும் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்ற பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். சினிமா அவர்களை உடனே அள்ளிக்கொண்டது. இவை எல்லாம் வெற்றிகள். ஆனால் ராப்பும் ராக்கும் தெருத் தாளமும் ஒரு குழுவாக மேடையில் நின்றது அதற்குப் பிறகுதான்.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். பள்ளிக்கூட மைதானத்தில் ஆயிரக்கணக்கான கூட்டம். மேடையில் 19 பேர், கோட்டும் சூட்டும் போட்டு. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி அது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயருக்குப் பின்னால் இருப்பது அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனை. கிதார், பாஸ், டிரம்ஸ் ஒரு பக்கம். பறை, தவில், சட்டி, கட்டமோளம் இன்னொரு பக்கம். நடுவில் கானா பாடகர்கள். ராப் சொல்ல அரக்கோணத்துப் பையன் அறிவு.

கானா வடசென்னையின் சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. இறந்தவரின் புகழை இரவெல்லாம் பாடுவார்கள். எழுதி வைத்துப் பாடுகிற வழக்கம் குறைவு. வாயில் வருவதைத் தாளத்தில் கோக்க வேண்டும். பிராங்க்ஸில் இதையே ஃப்ரீஸ்டைல் என்பார்கள். டென்மா ராக் இசையில் பழகியவர். அவருக்குத் தெரிந்த எண்ணிக்கையில் கானா எப்போதும் அடங்குவதில்லை. பாடகர் மூச்சு விட விரும்பும் இடத்தில் அடியை நீட்டுவார். கேலி சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்துவார். கிதாரும் டிரம்ஸும் அதற்கு வளைந்து கொடுத்தன. குழுவின் பலம் அங்கே இருக்கிறது. ராக் பின்னணிக்குக் கானாவை ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அது கல்லூரிக் கலைவிழா நிகழ்ச்சியோடு போயிருக்கும்.

கானா ஆண்களின் கோட்டை. அந்தப் பத்தொன்பது பேரில் பெண் ஒருவர்தான்: இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழி மரணம், அம்பேத்கர் என்று சபாக்களும் சினிமாவும் தொடத் தயங்கிய விஷயங்களை ஆடக்கூடிய பாட்டாக இந்தக் குழு மாற்றியது. அறிவு 2019இல் ஓஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற சொந்தத் தொகுப்பைக் கொண்டுவந்தார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டான் லெட்ஸுக்கு உண்மையிலேயே வாசிக்கத் தெரியாது. மாயாவுக்கும் தெரியாது. கானா பாடகருக்கும் உருமிக்காரருக்கும் நன்றாகத் தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தெரிந்தும் அவர்களை இசைக்காரர் கணக்கில் வைக்காதது ஊர். கோவில்பட்டியில் நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது; வைக்க வேண்டிய சிலைதான். உருமி வாசித்த ஒருவருக்குச் சிலை வைத்த ஊர் எது என்று கேட்டால் பதில் வர நேரமாகும். ஹிப்ஹாப் செய்த பெரிய காரியம், இந்த இரண்டு வகை ஆட்களுக்கும் ஒரே வாசலைத் திறந்தது. பயிற்சி இல்லாதவரும் வரலாம்; பயிற்சி இருந்தும் வெளியே நிறுத்தப்பட்டவரும் வரலாம்.

ராப்பின் அமைப்பு இந்த மண்ணுக்கு அந்நியமும் இல்லை. வில்லுப்பாட்டைப் பாருங்கள். தலைமைப் பாடகர் கதை சொல்கிறார். வீசுகோல் நாணில் விழும்போதெல்லாம் மணிகள் குலுங்குகின்றன. குடம் பாஸ் போடுகிறது. உடுக்கை இடையில் புகுந்து விளையாடுகிறது. பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் ‘ஆமாம்’ போடுகிறார். சில நேரம் குறுக்குக் கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துகிறார். அமெரிக்க ராப் மேடையில் இந்த இரண்டாவது ஆளுக்குத் தனிச் சம்பளம் உண்டு. என்.எஸ்.கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் ஏற்றினார். நெல்லைப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோய் 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் கதையைச் சரித்திரப் புத்தகம் எழுதும் முன்பே பாட்டுக்காரர்கள் பாடி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தோற்றவன் பக்கத்துச் செய்தியைத் தாளத்தோடு சொல்வது இந்த வட்டாரத்தின் பழைய பழக்கம்.

இதுவரை சொன்னது கதையின் இனிப்பான பாதி. மறுபாதி கணக்கு வழக்கு.

1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ‘ஆமென் பிரதர்’ என்ற பாட்டைப் பதிவு செய்தது. அதில் கிரெகரி கோல்மன் வாசித்த டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் சில விநாடிதான். உலகத்தில் அதிகமாக வெட்டி எடுக்கப்பட்ட ஒலித்துண்டுகளில் அது முதல் வரிசையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஹிப்ஹாப், நடனப் பாட்டுகள் அதன் மேல் நிற்கின்றன. கோல்மனுக்கு அதிலிருந்து காசு வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் நன்கொடை திரட்டிச் சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அது நன்றிக்கடன், உரிமைத்தொகை கணக்கில் சேராது. கிளாஷ் குழுவின் துண்டை எடுத்தபோது அவர்கள் பெயர் பாட்டில் ஏறியது, பங்கும் போனது. ஒருவருக்குக் கிடைத்தது மற்றவருக்குக் கிடைக்காமல் போனதற்குத் திறமை காரணம் இல்லை. ஒப்பந்தமும் வக்கீலும் காரணம்.

தமிழிலும் அந்தச் சிக்கல் வந்துவிட்டது. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டை அறியாதவர் இல்லை. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடியது. எழுதியவர் அறிவு; இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் நினைவிலிருந்து அது பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். தோட்டங்களுக்குப் போன ஆட்களில் ஒரு பகுதியினர் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள் என்பதால், இந்த மாவட்டத்துக்கும் அந்தப் பாட்டோடு ஒட்டுறவு உண்டு. 1964இல் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பியது. அந்தப் பாட்டு உலகம் சுற்றிய பிறகு, 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பிய பிறகு அறிவு படத்தோடு தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு மேடையேறியபோதும் அவர் அங்கே இல்லை. பாட்டில் யார் என்ன செய்தார்கள் என்று அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் மூன்று பேரும் தனித்தனியாக அறிக்கை விட நேர்ந்தது. 2024இல் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனத்தின் தரப்பு வேறாக இருந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்த மேடையின் வேலை இல்லை. இவர்கள் எல்லாம் பெயர் தெரிந்தவர்கள். அவர்களுக்கே இந்த இழுபறி என்றால், ஒரு மதியம் ஸ்டுடியோவுக்கு வந்து உருமியைத் தேய்த்துவிட்டுப் பேட்டாவோடு பஸ் ஏறுகிறவர் நிலை என்ன?

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையை யாருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி, வாரிசும் பதிப்புரிமைச் சங்கமும் தவிர வேறெவருக்கும் அது போகாதபடி திருத்தம் வந்தது. பாடுகிறவர், வாசிக்கிறவர் ஆகியோரும் வணிகப் பயன்பாட்டில் பங்கு கேட்கலாம் என்று 38ஏ பிரிவு சொல்கிறது. பாடகர்கள் தங்களுக்கான சங்கத்தின் வழியாக அதை வசூலிக்கிறார்கள்.

அதே சட்டத்தில் ஒரு பொடி எழுத்தும் உண்டு. திரைப்படத்தில் ஒருவருடைய பங்களிப்பு தற்செயலானதாகவோ சில்லறையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் கார்டு உட்பட எங்கேயும் அவர் பெயர் போடப்படாவிட்டால், அவர் கலைஞர் என்ற கணக்கிலேயே வரமாட்டார். அவர் வாசித்ததைச் சிதைத்து அவர் பெயரைக் கெடுத்தால் தடுக்கும் உரிமை ஒன்று மட்டும் மிச்சம். கோவில்பட்டியிலும் ஓட்டப்பிடாரத்திலும் லேப்டாப்பில் தாளம் அடுக்கிப் பாட்டுப் போடுகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். பக்கத்து ஊர்க் கொடையில் செல்போனில் பிடித்த உருமித் துண்டு அவர்கள் பாட்டுக்கு அடியில் ஓடக்கூடும். யூடியூபில் ஏற்றும்போது விவரம் எழுத ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். வாசித்தவர் பெயர், ஊர், மேளம் ஆகிய மூன்றையும் அங்கே எழுதுவதும், ஏற்றுவதற்கு முன் அவரிடம் கேட்டுப் பங்கைப் பேசி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வதும் பத்து நிமிட வேலை.